அன்ரனெற் வாசிக்காமல் விட்டது

மகளின் அறை ஜன்னலில் திரைக்கு மேலால் ஒரு போர்வையையும் கொழுவியிருந்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்கும் உள்ளே கும்மிருட்டு. அன்ரனெற் கதிரையைக் கதவு நிலையோடு ஒட்டிப் போட்டு, படிக்கட்டின் மேல் எரிந்த விளக்கின் வெளிச்சம் மடியில் விழும்படி சாய்ந்திருந்து, தடித்த அந்தப் புத்தகத்தின் முதலாவது கடிதத்தை வாசிக்கத் தொடங்கினாள். கட்டிலில் ஷரோன் கண்களுக்கு மேல் ஈரத் துவாயைப் போட்டபடி மல்லாந்து கிடந்தாள். மூக்கும் வாயும் மட்டும் தெரிந்தன. ஆங்கில வசனங்கள் ஒவ்வொன்றும் அரைப் பக்கத்துக்கு ஓடின. எந்த இடத்தில் மூச்சு விடுவது என்று தெரியாமல் அன்ரனெற் ஒரு கொமாவில் நின்றாள்.

“நிப்பாட்டாதேங்கோ அம்மா. எனக்கு விளங்குது.”

“உனக்கு விளங்குது. எனக்கெல்லோ விளங்கேல்லை. ஆர் இவள், ஆருக்கு எழுதுறாள்?”

“ஒரு பாதரின்ர மகள். கலியாணம் கட்டிப்போன அக்காவுக்கு எழுதுறா.”

“பாதருக்கு மகளோ?”

“அவை கத்தோலிக்கர் இல்லை அம்மா.” துவாய்க்குக் கீழே ஷரோனின் வாய் சிரித்தது. விழுந்த பிறகு அவள் சிரித்ததை அன்ரனெற் அன்றுதான் கண்டாள்.

பல்கலைக்கழகத்தில் நூலகத்துப் படிகளில் ஐஸ் பிடித்திருந்தது. கடைசிப் படியில் கால் வழுக்கி, தலையின் பின்பக்கம் சீமெந்தில் அடிபட்டு விழுந்தவளை யாரோ இரண்டு பெடியள் தூக்கி இருத்தியிருக்கிறார்கள். மூளை குலுங்கிவிட்டது, அது தானாக அடங்கும்வரை இருட்டில் கிடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். போன் கூடாது, கொம்பியூட்டர் கூடாது, புத்தகமும் கூடாது. ஷரோனுக்கு மற்றப் பாடங்களைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. இந்த ஒரு பாடத்துக்குத்தான், முழுக்கக் கடிதங்களாலேயே எழுதப்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவல் ஒன்றைப் படித்துக் கட்டுரை கொடுக்க வேண்டியிருந்தது. யாரோ ஒரு நடிகை அதை வாசித்துப் பதிவு செய்திருந்ததைக் கேட்டுப் பார்த்தாள். காதுக்குள் செருகினால் தலை சுற்றியது. வெளியே வைத்தால் அந்தக் குரல் அழுவதும் சிணுங்குவதும் தாங்க முடியவில்லை. “நீங்க வாசியுங்கோ அம்மா,” என்றாள். “உங்கட வொய்ஸ் ஃபிளாட்டா இருக்கும். தலைக்குக் குத்தாது.” அன்ரனெற் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் அவளுக்கு வேலை. நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் பெல்ற்றில் ஊர்ந்து வரும்போது உப்பில்லாதவருக்கு உப்பில்லாதது, சீனி வருத்தக்காரருக்கு சீனி இல்லாதது என்று பார்த்து வைத்து அனுப்ப வேண்டும். அதிகாலை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வீடிருந்த மல்வேர்னுக்குத் திரும்பி, கை கால் கழுவி, ஒரு தேத்தண்ணியோடு மேலே ஏறிவிடுவாள். முதல் கிழமை மகளுக்காகத்தான் வாசித்தாள். பிறகு தட்டுகள் ஊரும்போதே அந்தப் பெண்ணின் நினைவு வரத் தொடங்கியது. தகப்பன் செத்துப்போக, ஒரு பணக்காரச் சீமாட்டிக்குத் துணையாகப் பெரிய வீடொன்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். சீமாட்டியின் அண்ணன் மகன் ஒருவன் அடிக்கடி வந்து போகிறான். நல்லாய்க் கதைக்கிறான். பியானோவின் மேல், தையல் பெட்டிக்குள், செபப் புத்தகத்துக்குள் என்று போகிற இடமெல்லாம் துண்டு எழுதி வைக்கிறான். அவள் ஒவ்வொன்றையும் எடுத்து வாசித்துவிட்டு, வாசிக்கக் கூடாது என்று அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறாள்.

பக்கத்துக்குப் பக்கம் ‘வேர்ச்சு’ என்று ஒரு சொல் வந்தது. நற்குணம் என்றுதான் அன்ரனெற் முதலில் நினைத்தாள். ஆனால் இந்தக் கதையில் அந்தச் சொல் ஒரே ஒரு இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. பொய் சொன்னாலும் வேலைக்காரியை ஏசினாலும் அது குறையவில்லை. ஒரு ஆண் அறைக்குள் வந்தால் மட்டும் அது போய்விடும். “கற்பு எண்டு நேரே சொல்லாமல் ஏன் இவ்வளவு சுத்துறான் எழுதினவன்?” என்று கேட்டாள். ஷரோன், “அதைத்தான் அம்மா நாங்கள் டிஸ்கஸ் பண்ணோணும்,” என்றாள்.

கணவன் மாக்கஸுக்குப் பக்கத்து நகரான விட்பியில் கார்ச் சாமான்கள் வைக்கும் பெரிய கிடங்கொன்றில் வேலை. நெடுஞ்சாலையின் நெரிசலில் ஊர்ந்து வந்து சேரும் மனிதர், சப்பாத்தைக் கழற்றியபடி கீழே நின்று காது கொடுப்பார். மேலேயிருந்து ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் மனைவியின் குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். “இஞ்சேரும், செபமாலை எத்தினையாம் காரணிக்கத்திலை நிக்குது?” என்று, செபம் சொல்வதுபோன்ற அந்தக் குரலைக் கேலி செய்துவிட்டு, சோற்றைத் தானே சூடாக்கிச் சாப்பிடுவார்.

போனையும் ஷரோன் தாயிடம் கொடுத்து வைத்திருந்தாள். மெசேஜ் வந்தால் அன்ரனெற் வாசித்துச் சொல்வாள். மகள் சொல்கிற பதிலை ஒரு விரலால் தட்டி அனுப்புவாள். சிநேகிதிகள் அனுப்புவது பெரும்பாலும் படங்கள். “ஒரு பூனை நிண்டுகொண்டு அழுகுது,” என்று விவரிக்க வேண்டியிருக்கும். ஒழுங்கான வசனத்தில் எழுதியவன் ஒருவன்தான். அன்ட்ரூ. அந்தப் பாடத்தின் உதவி ஆசிரியன். கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே வகுப்பு எடுப்பவன், கட்டுரைகளுக்குப் புள்ளி போடுபவனும் அவனே. தகப்பன் ஊர்காவற்றுறையாம் என்று ஷரோன் சொன்னதும் அன்ரனெற்றுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. எங்கடை பெடியன் ஒருவன் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே ஆங்கிலம் படிப்பிக்கிறான் என்ற சந்தோஷம்.

கட்டுரையை நினைத்து மனதைப் போட்டு உழப்ப வேண்டாம், வேண்டிய அளவு காலம் எடு என்று முதலில் எழுதினான். பிறகு, உன் அம்மா உனக்கு அந்த நாவலை வாசிக்கிறார் என்று நினைக்கவே அழகாக இருக்கிறது என்று எழுதினான். அன்ரனெற் அதை இரண்டு தடவை வாசித்தாள். இன்னொரு நாள் கட்டுரைத் தலைப்பைப் பற்றி நாலு வரி எழுதி, அந்தப் பெண் அக்காவுக்கு எழுதுவதை எவ்வளவுக்கு நம்பலாம் என்று யோசித்துப் பார் என்று சொல்லிவிட்டு, கடைசியில் தனியாக ஒரு வரி வைத்திருந்தான். நீ இல்லாத வகுப்பில் நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

உப்பில்லாத சாப்பாட்டின் பெயரை வாசிக்கிற அதே குரலில் அன்ரனெற் அந்த வரியையும் வாசித்தாள். வாசித்து முடிந்த பிறகுதான் அவளுடைய காது மடல் சுட்டது. துவாய்க்குக் கீழே ஷரோனின் வாய் மெல்ல விரிந்து, யாரும் பார்க்கிறார்கள் என்ற நினைவு வந்ததும் மூடிக்கொண்டது.

அன்ரனெற்றுக்கு அந்த வாயைத் தெரியும். அப்படியான வரிகளையும் தெரியும். விஷயம் எல்லாம் முடிந்த பிறகு, போகிற போக்கில் வைத்துவிட்டுப் போகிற ஒரு கடைசி வரி. மற்ற நாலு வரியையும் மறந்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் நாள் முழுக்கக் கொண்டு திரியலாம்.

அந்தக் கிழமைதான் நாவலில் சீமாட்டி வெளியூர் போனாள். வீட்டில் வேலைக்காரரும் அந்தப் பெண்ணும் மட்டும். வெளியே மழை, குதிரை வண்டி ஒன்று வந்து நிற்கிற சத்தம், மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம், அறைக் கதவில் ஒரு தட்டு. அன்ரனெற் அந்த இடத்தில் நின்றாள். கண் அடுத்த வரிக்குப் போகப் பயந்தது. தொண்டையைச் செருமி, பக்கங்களைச் சத்தம் வராமல் புரட்டி, அடுத்த கடிதத்தின் தலைப்பைத் தேடிப் பிடித்து, அங்கேயிருந்து வாசித்தாள். ஷரோனின் மூச்சு ஒரே சீராக இருந்தது. அவள் கவனிக்கவில்லை என்று அன்ரனெற் நினைத்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் அன்ட்ரூவின் மெசேஜ் வந்தது. இருட்டும் அமைதியும்தான் மருந்து என்றால் என்னுடைய அபார்ட்மென்ரில் அது இரண்டும் நிறைய இருக்கிறது, நாவலின் மிச்சத்தை நான் வாசித்துக் காட்டுகிறேன், காரில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன். கடைசியில் தனி வரி. வகுப்பில் யாருக்கும் சொல்ல வேண்டாம், அவர்களுக்கு விளங்காது.

“ஆர் அம்மா?”

“பாங்க்காரன்,” என்றாள் அன்ரனெற்.

அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை, அழிக்காமல் விட்டதாலேயே தான் பெரிய பிழை ஒன்றும் செய்யவில்லை என்றும் நினைத்துக்கொண்டாள். அன்ட்ரூ இன்னும் இரண்டு தடவை எழுதினான். நான் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனா என்று ஒன்று. சரி, சுகமானதும் பார்ப்போம் என்று மற்றது. ஷரோன் ஒவ்வொரு நாளும், வேறு எதையோ கேட்பதுபோல, “அசைன்மென்ற் பற்றி ஏதும் வந்ததோ?” என்று கேட்டாள். “ஒண்டும் இல்லை பிள்ளை.” அந்த ஒண்டும் இல்லையைக் கேட்டதும் மகளின் வாய் இறுகுவதை, அரை வெளிச்சத்தில் அன்ரனெற் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைத் தலத்தில் கஞ்சி போக வேண்டிய தட்டில் இறைச்சித் துண்டை வைத்து அனுப்பி, மேற்பார்வைக்காரியிடம் ஏச்சு வாங்கினாள்.

உடைந்த பூட்டில்தான் அது பிடிபட்டது. அந்தப் பெண் அக்காவுக்கு எழுதும் ஒரு கடிதத்தில், என் அறைக் கதவின் பூட்டு உடைந்தபடியே இருக்கிறது, திருத்த ஆள் கேட்டால் எப்படி உடைந்தது என்று கேட்பார்கள் என்று எழுதியிருந்தாள்.

“என்ன பூட்டு?” என்றாள் ஷரோன்.

“கதவுப் பூட்டு.”

“எப்ப உடைஞ்சது?”

அன்ரனெற் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள்.

“அம்மா, ஸ்கிப் பண்ணினீங்களோ?” ஷரோன் துவாயை எடுத்தாள். இருட்டில் தாயைப் பார்த்துச் சிரித்தாள். “எனக்கு இருபது வயசு அம்மா. அது இருநூற்றைம்பது வருஷத்துப் புத்தகம். அதிலை என்னத்தைப் பெரிசா எழுதியிருக்கப் போறான்?”

“கண் மயங்கிப் போச்சு. அடுத்த கடிதத்துக்குப் போயிட்டன்.”

சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஷரோன் முழங்கையை ஊன்றி எழும்பினாள். “வேற என்ன ஸ்கிப் பண்ணினீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். நாலைந்து நாளாகச் சொன்ன பொய்தான், இன்னொன்று கஷ்டமில்லை. ஆனால் மகள் தன் முகத்தை நேரே பார்த்துக் கேட்டது பல நாளுக்குப் பிறகு. அன்ரனெற் மேற்சட்டைப் பொக்கற்றில் இருந்த போனை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்தை ஆகக் குறைத்து, ஷரோன் மூன்று மெசேஜையும் வாசித்தாள். முகம் நோவில் சுருங்கியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்தபடி இருந்தாள். அவள் கத்துவாள் என்று அன்ரனெற் எதிர்பார்த்தாள். கத்தினால் திருப்பி ஏதும் சொல்லலாம்.

“அவர் என்னை விட்டிட்டார் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன்,” என்றாள் ஷரோன். “எனக்கு என்ன கேக்கலாம், என்ன கேக்கக் கூடாது எண்டு நீங்க டிசைட் பண்ணியிருக்கிறீங்க. நான் இருட்டுக்குள்ள கிடக்கிறன். எனக்கு வேற வழி இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு.”

“உன்னைக் காப்பாத்தத்தான் பிள்ளை.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அன்ரனெற் புத்தகத்தோடு மேலே போனபோது, தலை இடிக்கிறது, வேண்டாம் என்றாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மாக்கஸ் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தார். வீடு சத்தமில்லாமல் இருந்தது. குசினிக்குள் வந்து, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

“என்ன, செபம் முடிஞ்சுதோ?”

“பிள்ளைக்குத் தலையிடி.”

“உமக்கு?”

அவர் கத்தியை அவளுடைய கையிலிருந்து வாங்கி, தானே வெட்டத் தொடங்கினார். தடித் தடித் துண்டாக வெட்டினார். மாக்கஸ் ஒன்றையும் துருவிக் கேட்கிற ஆள் இல்லை. அவர் ஸ்பொன்சர் செய்து அவள் வந்து இறங்கிய நாளில், விமான நிலையத்தில், குளிருக்கு ஒரு கோட்டைப் போர்த்திவிட்டு, பசிக்குதோ என்று மட்டும் கேட்டவர். அன்றைக்கு அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்த அந்தக் குணம், இப்போது அவர் பக்கத்தில் நிற்கும்போது நெஞ்சில் பாரமாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அவள் புத்தகத்தைத் தொடாமல் மேலே போனாள். கதவோரக் கதிரையில் இருக்காமல் கட்டில் விளிம்பில் இருந்தாள்.

“வாசிக்க வரேல்லை,” என்றாள். “ஒண்டு சொல்ல வந்தனான். கேக்கிறியோ, விடுறியோ, உன்ர விருப்பம்.”

ஷரோன் துவாயை எடுக்கவில்லை. எழும்பிப் போகச் சொல்லவும் இல்லை.

மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில், வெளிநாட்டுக்குப் போவதற்காகக் காத்திருந்த காலத்தைச் சொன்னாள். மகளைவிட ஒரு வயது குறைவு அப்போது. வீட்டில் சும்மா இருக்காமல் இங்கிலீசாவது படி என்று மாமி ஒரு ரியூட்டரியில் சேர்த்துவிட்டா. அங்கே படிப்பித்தவர் அகஸ்ரின் மாஸ்ரர். கலியாணம் கட்டினவர். கிழமைக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். சிவப்பு மையால் திருத்தித் தருவார். பிழை திருத்தி முடிந்த பிறகு, கீழே ஒரு வரி எழுதியிருப்பார். உன்னுடைய வசனங்கள் கடலில் குளித்துவிட்டு வருகின்றன என்று ஒருமுறை. நீ வராத நாளில் வகுப்பில் விளக்குப் போடுகிறேன் என்று ஒருமுறை.

“கொப்பி தருவார். நான் திருத்தினதைப் பாக்கமாட்டன். நேரே கடைசி வரிக்குப் போவன். எழுதாத கிழமை எனக்குச் சாப்பாடு இறங்காது.”

துவாய் அசைந்தது. “ஏன் இதை முதலே சொல்லேல்லை?”

“சொல்லுறதுக்கு என்ன இருக்கு எண்டு இருந்திட்டன்.” அன்ரனெற் போர்வையின் ஓரத்தை விரலால் நீவினாள். “ஒருநாள் அந்த வரியிலை, சனிக்கிழமை நீர்கொழும்புப் பெரிய மாதா கோயில் வாசலுக்கு வா எண்டு எழுதியிருந்தவர். கூட்டாளி ஒருத்தற்றை வீடு இருக்காம், ஆரும் இல்லையாம். மாமிக்கு நேர்த்திக்கடன் எண்டு சொல்லிப்போட்டு நான் போனன்.”

“போனீங்களோ?”

“ஓம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு. வழியிலை மூண்டு இடத்திலை ஆமிக்காரர் பஸ்ஸை மறிச்சவங்கள். தமிழ்ப் பெட்டை தனிய எங்கை போறாய் எண்டு ஐடென்ரி கார்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தவங்கள். கோயிலுக்கு எண்டு சொன்னன். அது பொய் இல்லைத்தானே. கோயில் வாசல்தானே.” சிரிக்க முயன்றாள். “பூசை முடிஞ்சு சனம் போச்சு. கச்சான் கடலை விக்கிற மனிசி ஒண்டு, பிள்ளை ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய் எண்டு சிங்களத்திலை கேட்டா. வெய்யில் கோபுரத்துக்கு அங்காலை போய்ட்டுது.”

“பிறகு?”

“அவர் வரேல்லை.”

கீழே மாக்கஸ் ரேடியோவைப் போட்டிருந்தார். செய்தி வாசிப்பவரின் குரல் சொற்களில்லாமல் மேலே வந்தது.

“பயந்திட்டார் போல. பிறகு கொப்பியிலை திருத்தம் மட்டும்தான் இருந்தது. ரெண்டு வருஷத்திலை நான் இஞ்சை வந்திட்டன்.”

“அவர் வந்திருந்தா?”

“போயிருப்பன்.”

ஷரோன் துவாயை எடுத்தாள். அன்ரனெற் மகளைப் பார்க்காமல் கதவோரத்து வெளிச்சத்தைப் பார்த்தபடி பேசினாள்.

“கோயிலிலை கலியாணம் கட்டப்போற பெட்டையளுக்குப் புத்தி சொல்ல என்னைத்தான் கூப்பிடுவினம், உனக்குத் தெரியும். ஒழுக்கமா வளந்தவள் எண்டு. அந்த நல்ல பேர் முழுக்க அந்த மனிசன் பயந்ததாலை வந்தது. என்னட்டை இருந்து வந்தது எண்டு ஒண்டும் இல்லை. அதை வைச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் ஆக்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறன்.”

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“அப்ப, இப்ப என்னைப் போகாதை எண்டு சொல்லுறீங்களோ?”

“அதைச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? அவர் வந்திருந்தா நான் கெட்டுப் போயிருப்பனோ, சந்தோஷமா இருந்திருப்பனோ, ரெண்டு நாளிலை அலுத்திருக்குமோ, ஒண்டும் தெரியாது. எனக்கு ஒண்டுதான் தெரியும். கடைசி வரிக்குக் காத்திருக்கிறது எப்பிடி எண்டு. அது தெரிஞ்சுகொண்டே உன்னை நாலைஞ்சு நாள் காத்திருக்க வைச்சன். அது நான் செய்த பிழை.”

ஷரோன் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். “எனக்கு அவரை விருப்பம் அம்மா,” என்றாள். “அவர்தான் எனக்கு மார்க் போடுறவர் எண்டும் தெரியும். அந்த ரெண்டையும் ஒண்டா யோசிக்க ஏலாமல் இருக்கு. ஒண்டை யோசிச்சா மற்றதை மறக்கவேண்டிக் கிடக்கு.” பிறகு, “புத்தகம் எங்கை?” என்றாள். “விட்ட பக்கத்தை வாசியுங்கோ.”

அன்ரனெற் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, அந்தக் கதவுத் தட்டலைத் தேடிப் பிடித்தாள். இவ்வளவு நாளும் அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியாது. தயங்கித் தயங்கி வாசித்தாள். சீமாட்டியின் அண்ணன் மகன் உள்ளே வரவேயில்லை. கதவுக்கு வெளியே நின்று பேசினான். பக்கம் பக்கமாகப் பேசினான். தன் தனிமை, தன் தாயின் மரணம், இங்கிலாந்தின் மழை எல்லாவற்றையும் பற்றிப் பேசினான். ஷரோனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை நோகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்ரனெற்றுக்கும் வந்தது. இதற்காகவா பயந்தோம் என்று இருந்தது. சீமாட்டிக்கு ஒன்றும் தெரியத் தேவையில்லை, உலகம் தவறாக விளங்கிக்கொள்ளும் என்று அவன் சொல்லும் இடம் வந்ததும், ஷரோன் சிரிப்பை நிறுத்தினாள்.

“அதைத் திருப்பி வாசியுங்கோ.”

அன்ரனெற் திருப்பி வாசித்தாள். அதே குரலில்தான் வாசித்தாள்.

அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பெண் நிலத்தில் குந்தியிருக்கிறாள். கை பூட்டில் இருக்கிறது. இறுக்கிப் பூட்டுவதற்காகத்தான் பிடித்தேனோ, திறப்பதற்காகத்தான் பிடித்தேனோ, எனக்கே தெரியாது அக்கா, பழைய பூட்டு என் கையோடு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். சத்தத்தைக் கேட்டு வேலைக்காரன் விளக்கோடு வர, வெளியே நின்றவன் படியிறங்கிப் போய்விடுகிறான்.

“அப்ப, உடைச்சது அவள்,” என்றாள் ஷரோன்.

“ஓம்.”

“அக்காவுக்குப் பொய் சொல்லுறாளோ?”

அன்ரனெற் யோசித்தாள். “இல்லைப் போல கிடக்கு. பொய் சொல்லுறவள் எண்டால் பூட்டுக் கதையையே எழுதியிருக்கமாட்டாள்.”

ஷரோன் போனை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். “எழுதுங்கோ,” என்றாள். நன்றி. அம்மா வாசித்து முடிக்கிறா, நான் வர வேண்டிய தேவை இல்லை. சுகமானதும் கட்டுரையோடு உங்கள் அலுவலக நேரத்தில் வந்து சந்திக்கிறேன். புள்ளி எல்லாம் போட்டு முடியும்வரை எனக்குப் பல்கலைக்கழக ஈமெயிலுக்கே எழுதுங்கள். சொல்லச் சொல்ல அன்ரனெற் ஒரு விரலால் தட்டினாள். “நலமாயிருங்கோ எண்டு போடட்டோ?” என்று கேட்டாள்.

“வேண்டாம்.” பிறகு, “புள்ளி போட்டு முடிஞ்ச பிறகு என்ன எண்டு நான் சொல்லேல்லை, கவனிச்சீங்களோ?” என்றாள்.

“கவனிச்சன்.”

“அது சரி எண்டு நினைக்கிறீங்களோ?”

“அது உன்ர வசனம்,” என்றாள் அன்ரனெற். “நான் அதிலை கை வைக்கேல்லை.”

அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் போன் அவளுடைய உள்ளங்கையில் அதிர்ந்தது. அன்ரனெற் பார்க்காமல் அப்படியே மகளிடம் நீட்டினாள். ஷரோன் வாங்கி, ஒரு கண்ணால் வாசித்து, தலையணைக்குக் கீழே வைத்தாள். என்ன எழுதியிருந்தது என்று சொல்லவில்லை. அன்ரனெற் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதற்கு அவள் புத்தகத்தின் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நாவலை அவர்கள் மார்ச் மாதத்தில் முடித்தார்கள். கடைசிக் கடிதங்களின்போது போர்வையை எடுத்தாகிவிட்டது, திரையில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் விட்டிருந்தது. கட்டுரையை ஷரோன் வாயால் சொல்ல, ஒரு சிநேகிதி வந்திருந்து அடித்துக் கொடுத்தாள். மாக்கஸ் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், அந்தப் பெட்டைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அன்ரனெற் கதையைச் சொல்லத் தொடங்கினாள். பூட்டு உடைந்த இடத்தில், “மிச்சத்தைப் பிறகு சொல்லுறன். உங்களோடை வேறை ஒண்டும் கதைக்கக் கிடக்கு,” என்றாள். அவர் கோப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “எப்பவெண்டாலும் சொல்லும்,” என்றார்.

டொக்டர் அரை நாளுக்குப் போய்வரலாம் என்று சொன்ன முதல் திங்கட்கிழமை, அன்ரனெற் லீவு எடுத்திருந்தாள். கூட்டிக்கொண்டு போகட்டோ என்று கேட்டாள், மகள் வேண்டாம் என்றாள். கறுப்புக் கண்ணாடியும் கம்பளித் தொப்பியுமாக ஷரோன் படியிறங்கி, கரைந்த பனித் தண்ணீரைத் தாண்டித் தாண்டி, வீதிக்கு எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றாள். அன்ரனெற் முன் ஜன்னலில் நின்று பார்த்தாள். ஷரோன் போனை எடுத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு எதையோ வாசித்தாள். அவ்வளவு தூரத்துக்கு முகம் தெரியவில்லை. தலையை நிமிர்த்தி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தாள், பஸ்ஸுக்கோ, வேறு எதற்கோ. ஒரு சாம்பல் நிறக் கார் மெதுவாக வந்து, தரிப்பிடத்தடியில் இன்னும் மெதுவாகி, கடந்து போனது. பிறகு பஸ் வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. அது நகர்ந்தபோது தரிப்பிடத்தில் யாரும் இல்லை. பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் உள்ளிருந்த மூச்சில் ஆவி படிந்து வெளிறியிருந்தன. வளைவில் திரும்புவதற்குச் சற்று முன், பின் ஜன்னல் ஒன்றில் ஒரு கை வந்து, கையுறையோடு வட்டம் வட்டமாகத் துடைத்தது. துடைத்த இடம் ஒரு தட்டளவு தெளிந்தது. அதற்குள் யார் இருந்தது என்று தெரிவதற்குள் பஸ் திரும்பிவிட்டது.